அப்பா நினைவு நாளுக்கு ரத்த தான முகாம்: ஒரே நாளில் 200 யூனிட் எடுக்கலாமா?

காட்பாடி மேற்கு | 9 பிப்ரவரி 2025

அப்பா போன வைகாசியில், மே 28 காலையில் தவறினார். வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ரத்தம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் ஆபீஸ் முடிந்தபிறகு அவருக்கு வேலை. அதிலும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்து, பாஷை தெரியாமல் ஆற்காடு ரோடு லாட்ஜுகளில் தங்குகிறவர்கள் என்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். அதற்காக வீட்டில் எதையும் குறை வைத்ததில்லை. கத்திரி வெயிலில் வாசலில் மோர்ப் பந்தலும் போடுவார்.

முதல் வருஷ நினைவு நாளில் 200 யூனிட் எடுக்கிற மாதிரி பெரிய முகாம், பிளெக்ஸ், எல்லாருக்கும் சாப்பாடு என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். முகாம் நடத்தத் தெரிந்தவர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

ரத்த வங்கி பழையவர் | 9 பிப்ரவரி 2025

200 வேண்டாம் தம்பி. 50, 60 போதும்.

காரணம் சொல்கிறேன். சிவப்பணு, பையில் இருக்கும் மருந்தைப் பொறுத்து, 35 நாளோ 42 நாளோதான் தாங்கும். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 5 நாள்தான். பிளாஸ்மா மட்டும் உறைய வைத்தால் ஒரு வருஷம் நிற்கும். ஒரே நாளில் 200 பை வந்து விழுந்தால் அந்த வாரம் பிளேட்லெட் தேவைக்கு மேல் இருக்கும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியம், அன்று கொடுத்த 200 பேரும் மூன்று மாசத்துக்குக் கொடுக்க முடியாது. ஜூலையில் ஒருவருக்கு அவசரமாக ஏ நெகட்டிவ் வேண்டும் என்றால் உங்கள் அப்பா நம்பியிருந்த ஆட்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கை விரிக்க வேண்டிவரும்.

அப்பா செய்தது வருஷம் முழுக்க நடந்த காரியம். அதே 200 பேரை நான்காகப் பிரித்து, 13 வாரத்துக்கு ஒரு முறை 50 பேர் என்று வையுங்கள்.

கஸ்பா வாலன்டியர் | 10 பிப்ரவரி 2025

பழையவர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 14 உலக ரத்த தான நாள், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். இந்த இரண்டு தேதியை ஒட்டி ஊரெல்லாம் முகாம். ஏப்ரல், மே மாசத்தில் காலேஜ் பரீட்சை, லீவு என்று பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவதால் கையிருப்பு இறங்கும். உங்கள் தேதி மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றால் நல்ல தேதிதான். ஜூன் 14-க்கு ரொம்பப் பக்கத்தில் தள்ளாதீர்கள்.

பஞ்சாங்கம் பார்ப்பவர் | 10 பிப்ரவரி 2025

தேதியையும் திதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 மே 28 காலை தேய்பிறை பஞ்சமி. சந்திரக் கணக்கு வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும் என்பதால் 2025-இல் வைகாசி தேய்பிறை பஞ்சமி மே 17, சனிக்கிழமை. திதி கொடுப்பது, படையல், எதுவானாலும் அன்றைக்கு வீட்டோடு முடித்துவிடுங்கள். உங்கள் வாத்தியாரிடமோ குடும்பத்துப் பெரியவரிடமோ ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும்.

முகாமைத் திதியன்றே வைத்தால் இரண்டும் கெடும். வீட்டில் விரதம் இருப்பவர் ரத்தம் கொடுக்கக்கூடாது. புரோகிதர் 11 மணிக்குத்தான் வருவார், டாக்டர் 8 மணிக்கே வந்துவிடுவார்.

காட்பாடி மேற்கு | 11 பிப்ரவரி 2025

அப்படியென்றால் மே 17 வீட்டில். முகாம் ஜூன் 1, ஞாயிறு. கத்திரியும் மே 28-ஓடு முடிகிறது. அம்மாவும் சரி என்றுவிட்டார்.

ரத்த வங்கி பழையவர் | 11 பிப்ரவரி 2025

ஜூன் 1 நல்லது. இனி யார் வந்து எடுப்பார்கள் என்பது. எல்லா ஆஸ்பத்திரி ரத்த வங்கியும் வெளியே முகாம் போட முடியாது. அரசு ரத்த மையம், செஞ்சிலுவைச் சங்கம், மாநில ரத்த மாற்றுக் கவுன்சில் அங்கீகரித்த உரிமம் பெற்ற அறக்கட்டளை மையம், இந்த மாதிரி இடங்கள்தான் போடலாம். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் கேளுங்கள். எந்த மையமானாலும் உரிமம் நடப்பில் இருக்கிறதா, வெளி முகாமுக்கு அனுமதி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதத்தில் தேதி, இடம், நேரம், எத்தனை பேர் வருவார்கள் என்கிற நியாயமான எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர். இரண்டு மாசம் முன்னால் கொடுங்கள். எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் பையும் ஆளும் எடுத்து வருவார்கள்.

விதியில் இருக்கிற கணக்கு இது: 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடம் எடுக்க ஒரு டாக்டர், 6 முதல் 8 கட்டிலைக் கவனிக்க இரண்டு நர்ஸ், இரண்டு மருத்துவ சமூகப் பணியாளர், மூன்று டெக்னீஷியன், இரண்டு உதவியாளர், ஒரு வண்டி. மையத்துக்காரர்கள் இதைவிடக் குறைந்த ஆட்களோடு வருவதாகச் சொன்னால் கட்டிலையும் டோனர் எண்ணிக்கையையும் நீங்களும் குறைத்துவிடுங்கள். வரிசை நீண்டால் டோனர் எரிச்சலில் கிளம்பிவிடுவார், அடுத்த முகாமுக்கும் வரமாட்டார்.

பாகாயம் நர்ஸ் | 12 பிப்ரவரி 2025

இடம்: ஜூன் 1 வைகாசி வளர்பிறை ஞாயிறு. கல்யாண மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் காலை முகூர்த்தம் முடியாமல் உள்ளே விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் கேளுங்கள். தரைத்தளத்தில் அடுத்தடுத்து மூன்று அறை வேண்டும். முதல் அறையில் பதிவும் ஹீமோகுளோபின் பார்ப்பதும், இரண்டாவதில் கட்டில், மூன்றாவதில் ஓய்வும் சிற்றுண்டியும். மாடி வேண்டவே வேண்டாம். கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் தலை சுற்றும்.

கட்டில் அறையில் மின்விசிறி ஓடணும், வெளிச்சம் வேண்டும், குழாயில் தண்ணீர் வந்து கை கழுவ சோப்பு இருக்கணும். கரண்ட் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ. ஊசி, பஞ்சு, ரத்தம் பட்ட எதையும் பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, மையமே பையில் கட்டி எடுத்துப்போகணும். கடைசியாக ஒருவர் அறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். மறுநாள் பிள்ளைகள் வந்து உட்காருகிற இடம்.

கஸ்பா வாலன்டியர் | 12 பிப்ரவரி 2025

நேரம் காலை 8 முதல் 12. வேலூர் வெயிலில் மதியம் கூட்டாதீர்கள்.

காட்பாடி மேற்கு | 16 பிப்ரவரி 2025

அப்பாவின் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நீளமான ரூல் நோட்டு, அட்டைக்குப் பழைய மாதக் காலண்டர் தாள். ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம்: பேர், குரூப், ஊர், கடைசியாகக் கொடுத்த தேதி, குறிப்பு. நெகட்டிவ் குரூப் எல்லாம் சிவப்பு மையில். கொடுத்த தேதிக்குப் பக்கத்தில் பென்சிலில் இன்னொரு தேதி, சில இடத்தில் அழித்து அழித்து எழுதித் தாளே மெலிந்திருக்கிறது. குறிப்புக் கட்டத்தில், "நைட் ஷிப்ட், 11 மணிக்கு மேல் கூப்பிடு", "ஊசியைப் பார்க்க மாட்டார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கணும்", "இந்தி பேசுவார்", "வண்டி இல்லை, போய் அழைத்து வரணும்" என்றெல்லாம். சில பேருக்கு எதிரே "பிளே" என்று எழுதி வட்டம். அது என்ன?

இதை எப்படிப் பயன்படுத்துவது? பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று தம்பி சொல்கிறான்.

ரத்த வங்கி பழையவர் | 16 பிப்ரவரி 2025

போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அந்தப் பேரும் நம்பரும் உங்கள் அப்பாவை நம்பிக் கொடுத்தது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அப்பா தவறிய செய்தியைச் சொல்லி, உங்கள் பட்டியலில் தொடரட்டுமா என்று கேட்டு, சரி என்றவரை மட்டும் புது நோட்டில் ஏற்றுங்கள். பாதிப் பேருக்கு அவர் போனதே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து போனுக்கு மேல் பண்ணாதீர்கள், பேச்சு நீளும், நீள விடுங்கள்.

பென்சில் தேதி, அவர் மறுபடி கொடுக்கலாம் என்கிற நாள். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள். ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால்தான் பென்சில். புது நோட்டிலும் அதை அப்படியே வையுங்கள்.

"பிளே" வட்டம், மெஷின் வழியாகப் பிளேட்லெட் மட்டும் கொடுக்கச் சம்மதித்தவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களை முகாமுக்குக் கூப்பிடாதீர்கள். அதற்குக் குறைந்தது 50 கிலோ எடை, கை நரம்பு நன்றாகத் தெரியணும், ஒன்றரை மணி நேரம் உட்காரப் பொறுமை வேண்டும். இப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. அவர்கள் முழு ரத்தம் கொடுத்துவிட்டால் அடுத்த 28 நாள் பிளேட்லெட் கொடுக்க முடியாது.

65 வயது தாண்டியவர்கள் பேரை அடித்துவிடாதீர்கள், தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாகாயம் நர்ஸ் | 17 பிப்ரவரி 2025

சிவப்பு மை ஆட்களையும் முகாமில் மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள் தம்பி. ஓ நெகட்டிவ்காரர் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேரை மட்டும் ஜூன் 1-க்கு வரச் சொல்லி, மற்ற ஆறு பேரை அவசரத்துக்கு நிறுத்தி வையுங்கள். அப்பா தனி மையில் எழுதியதே அதற்காகத்தான் இருக்கும்.

நோட்டில் எழுதிய குரூப்பை நம்பி யாருக்கும் எதுவும் செய்யக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். குரூப்பை மையத்தில் மறுபடி பார்ப்பார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் ஒவ்வொரு பைக்கும் பார்த்த பிறகுதான் நோயாளிக்குப் போகும்.

கஸ்பா வாலன்டியர் | 23 பிப்ரவரி 2025

யார் கொடுக்கலாம் என்பதைப் போனிலேயே கேட்டுவிட்டால் அன்றைக்குத் திருப்பி அனுப்புவது பாதியாகக் குறையும். வயது 18 முதல் 65, முதல் தடவை என்றால் 60-க்குள். எடை 45 கிலோ இருந்தால் 350 மில்லி, 55 கிலோவுக்கு மேல் 450 மில்லி. ஹீமோகுளோபின் 12.5. பச்சை குத்தினால் ஒரு வருஷம் ஆகணும். பல் பிடுங்கினால் ஆறு மாசம். டெங்கு, சிக்குன்குனியா குணமாகி ஆறு மாசம். டைபாய்டு குணமாகி ஒரு வருஷம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் கொடுக்கலாம், நாலு வாரமாக மாத்திரையோ அளவோ மாறாமல் இருந்தால். இன்சுலின் போடுகிறவர் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய் வேண்டாம். முதல் நாள் ராத்திரி குடித்தவரைக் கெஞ்சாமல் அனுப்பிவிடுங்கள்.

சரியோ தப்போ கடைசி முடிவு டாக்டருடையது. வாசலில் நிற்கும் வாலன்டியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சத்துவாச்சாரி அக்கா | 24 பிப்ரவரி 2025

பெண்கள் நிறையப் பேர் 12.5-இல் நின்றுவிடுவார்கள். 11.8, 12.1 என்று வந்து, கூட்டத்துக்கு நடுவே "உங்களுக்கு ரத்தம் இல்லை" என்று சத்தமாகச் சொன்னால் அவர் அடுத்த முறை வாசலையே மிதிக்கமாட்டார். தனியாக ஒரு மேசை போட்டு, அளவை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, சிற்றுண்டியும் கொடுத்து அனுப்புங்கள். வந்ததே பெரிசு.

இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. இப்பவே பார்த்துக்கொண்டால் ஜூனுக்குள் ஏறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை என்று எல்லாரும் சொல்வார்கள். அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அத்தனையும் வீண், ஒரு மணி நேரமாவது விடணும். 10-க்குக் கீழே இருந்தால் கீரையை நம்பாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரை வாங்கணும்.

காட்பாடி மேற்கு | 2 மார்ச் 2025

கேட்க மறந்துவிட்டேன். கொடுக்கிறவர்களுக்கு ஹெல்மெட், டிபன் பாக்ஸ் மாதிரி ஏதாவது கொடுக்கலாமா? 500 ரூபாய் கவர் என்றும் ஒரு மாமா சொல்கிறார்.

ரத்த வங்கி பழையவர் | 2 மார்ச் 2025

கவர் கூடவே கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கி ரத்தம் கொடுப்பது நாடு முழுக்கத் தடை. சட்டத்தை விடுங்கள், பணம் என்றதும் போன வருஷ மஞ்சள் காமாலையை மறைப்பார், கொடுத்து ஒரு மாசம்தான் ஆனது என்பதை மறைப்பார். தொற்று வந்த புதிதில் சோதனையில் தெரியாத நாட்கள் கொஞ்சம் உண்டு, அந்தப் பை தாண்டிப் போய்விடும். டோனர் உண்மை பேசுவதுதான் முதல் சோதனை. விலையுள்ள பொருளும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு அட்டை கொடுங்கள். ஒரு பக்கம் அப்பா படம், பேர். மறுபக்கம் டோனர் பேர், கொடுத்த தேதி, அடுத்து கொடுக்கலாம் என்கிற தேதி. அடுத்த தேதியை அங்கேயே ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதட்டும். பிளெக்ஸ் இரண்டு நாளில் கிழியும், சாலையோரம் வைக்க அனுமதி வாங்கணும், வண்டி ஓட்டுகிறவர் கண்ணையும் மறைக்கும். அட்டை மூன்று மாசம் பர்ஸில் இருக்கும். பள்ளி வாசலில் வழிகாட்ட ஒரு சின்னப் பலகை போதும்.

பாகாயம் நர்ஸ் | 9 மார்ச் 2025

மயக்கம் பற்றி யாரும் எழுதவில்லை. முகாமில் தடங்கல் வருவது பெரும்பாலும் இதில்தான்.

முதல் தடவை கொடுப்பவர், ஒல்லியான இளம் வயதுக்காரர், ராத்திரி தூங்காதவர், காலையில் சாப்பிடாதவர், இவர்களுக்கு வரும். கொடுப்பதற்கு நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்கணும். 7 மணியிலிருந்தே இட்லி இருந்தால் நல்லது, நெய்ப்பொங்கலும் பூரியும் வேண்டாம், கொழுப்பு ஏறிய பிளாஸ்மா வெள்ளையாகக் கலங்கி வீணாகும். கட்டிலில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அரை லிட்டர் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடிக்க வையுங்கள்.

அடையாளம்: கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, உதடு வெளுப்பது, கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாவது. உடனே நர்ஸைக் கூப்பிடணும், அவர் ஊசியை எடுப்பார். படுக்க வைத்து, காலை உயர்த்தி, சட்டைப் பட்டனையும் பெல்ட்டையும் தளர்த்தினால் ஐந்து பத்து நிமிஷத்தில் தெளிவார். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், நினைவு சரியாக வராதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

கட்டிலில் வருவதைவிட இறங்கி நடக்கும்போது, சிற்றுண்டி மேசையில், கழிவறையில் வருவதுதான் ஆபத்து, விழுந்து மண்டையில் அடிபடும். சிற்றுண்டி அறையில் முதுகுச்சாய்வு உள்ள நாற்காலி போடுங்கள், முக்காலி வேண்டாம். 15 நிமிஷம் யாரும் எழக்கூடாது. கழிவறைக்குப் போனால் ஒருவர் வெளியே நிற்கணும், உள் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பணும். பைக்கில் வந்தவரை அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிளாஸ்திரி நாலு மணி நேரம் இருக்கட்டும், அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்குவது அன்றைக்கு வேண்டாம்.

கஸ்பா வாலன்டியர் | 9 மார்ச் 2025

எடுத்த பையை எல்லாம் உடனே ஐஸ் பெட்டியில் வைத்துவிடணும், இல்லையா? தெர்மகோல் பெட்டி நாங்கள் வாங்கித் தருகிறோம்.

ரத்த வங்கி பழையவர் | 10 மார்ச் 2025

இல்லை. பிளேட்லெட் பிரிக்கப்போகிற பையை ஐஸில் வைத்தால் பிளேட்லெட் கெட்டுவிடும், அது 20 முதல் 24 டிகிரியில் போகணும். முழு ரத்தமாகவோ சிவப்பணுவாகவோ மட்டும் போகிற பைதான் குளிரில். ஐஸ் நேராகப் பையில் பட்டால் அணுக்கள் உடையும். எந்தப் பை எந்தப் பெட்டி என்பது டெக்னீஷியன் வேலை, பெட்டி அவர்களிடமே இருக்கும், வாலன்டியர் கை வைக்கக்கூடாது. எடுத்த 6 மணி நேரத்துக்குள் பிரிக்கணும். 12 மணிக்கு முடியுங்கள் என்று சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

சத்துவாச்சாரி அக்கா | 16 மார்ச் 2025

மோர்ப் பந்தலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவர் வருஷா வருஷம் போட்டது, இந்த வருஷம் நின்றுவிடக்கூடாது. மே 4 கத்திரி ஆரம்பம், அன்றே போடுங்கள்.

300 டம்ளர், டம்ளருக்கு 200 மில்லி என்றால் 60 லிட்டர். அதற்குத் தயிர் 13, 14 லிட்டர், மிச்சம் தண்ணீர். உப்பு 300 கிராம், இஞ்சி கால் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், பெருங்காயத்தூள் மூன்று ஸ்பூன், கறிவேப்பிலை, கொத்தமல்லி. இஞ்சி மிளகாயை அரைத்து வடிகட்டிச் சாறாக ஊற்றுங்கள், திப்பி தொண்டையில் மாட்டும், குழந்தைகளும் குடிப்பார்கள். தாளிக்க வேண்டாம், எண்ணெய் டம்ளரில் ஒட்டி மதியத்துக்குள் சிக்கு வாடை வரும்.

60 லிட்டரையும் ஒரேயடியாகக் கரைக்காதீர்கள். 15 லிட்டராகக் கரைத்து, தீரத் தீர அடுத்தது. கரைத்த மோர் வேலூர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும், தயிர் குளிரில் இருந்தால் தாங்கும். பாளமாக வரும் ஐஸை மோருக்குள் போடாதீர்கள், அது குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது. அண்டாவைச் சுற்றி வெளியே வையுங்கள். அண்டா எவர்சில்வர். பித்தளை, அலுமினியம் புளிப்புக்கு ஆகாது.

தண்ணீர்ப் பானை புதுசு வாங்கினால் ஒரு ராத்திரி நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை நிரப்பிக் கொட்டிய பிறகுதான் குடிக்கக் கொடுக்கணும். ஈர மணல்மேல், நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பானையின் நுண் துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. மூடிய மூலையில் வைத்தால் குளிராது. நம் போர் தண்ணீர் உப்பு நீர், துளை அடைந்துபோகும், போன வருஷப் பானை குளிரவில்லை என்றால் அதனால்தான். தேங்காய் நாரால் தேயுங்கள், சோப்பு வேண்டாம். குழாய் வைத்த பானையாக வாங்கிவிட்டால் யாரும் டம்ளரை உள்ளே விடமாட்டார்கள். குடிக்கக் கொடுப்பது போர் தண்ணீராக இல்லாமல் காவிரிக் கூட்டுக் குடிநீராக இருக்கட்டும்.

காட்பாடி மேற்கு | 17 மார்ச் 2025

அக்கா, இதில் இஞ்சியை வடிகட்டுவது வரை அம்மா சொல்வதும் இதேதான். மற்றதை அம்மாவே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

பாகாயம் நர்ஸ் | 18 மார்ச் 2025

அம்மா என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஜூன் 1 அன்று அவரைப் படத்துக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்காரவைத்து வருகிறவர் எல்லாரும் துக்கம் கேட்க விடாதீர்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தபோதெல்லாம் அதை மூடி வைத்தவர் அவர். நோட்டில் இல்லாத குறிப்பெல்லாம் அவருக்குத் தெரியும், போன் பண்ணும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்குப் பிடித்த வேலையை அவரே சொல்லட்டும். அடுத்த தேதியை அட்டையில் எழுதும் மேசைகூட அவருக்குப் பொருந்தும்.

வெளியாருக்குச் செய்ததை மட்டும் நினைவு நாளில் பேசிவிட்டு வீட்டுக்குச் செய்ததை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்பா சத்தமில்லாமல் பார்த்த வீட்டு வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, எதற்கு யார் பொறுப்பு என்று பிரியுங்கள். கரண்ட் இணைப்பு, கேஸ் யார் பேரில் இருக்கிறது, குடும்ப ஓய்வூதியக் கணக்கு, பாட்டி மருந்துச் சீட்டு. வீட்டு வரி ஏப்ரல் 30-க்குள் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அம்மா தலையில் எல்லாம் விழுந்துவிடக்கூடாது.

கஸ்பா வாலன்டியர் | 23 மார்ச் 2025

கண் தானமும் சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்டார். ஒரு மேசை போட்டுப் படிவம் வாங்கலாம், ஆனால் படிவத்தைவிட வீட்டார் தெரிந்துவைத்திருப்பதுதான் பயன்படும். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கணும். இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, உடனே கண் வங்கிக்குப் போன். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர், எந்த வயதானாலும் கொடுக்கலாம். 20 நிமிஷ வேலை, முகம் கெடாது. இந்த ஐந்தாறு வரியை அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

ரத்த வங்கி பழையவர் | 30 மார்ச் 2025

அடுத்த முகாம்களின் தேதியை இப்பவே குறித்து வையுங்கள். ஜூன் 1-இலிருந்து 13 வாரம் என்றால் 91 நாள், ஆகஸ்ட் 31 ஞாயிறு. அடுத்தது நவம்பர் 30. அதற்கடுத்தது 2026 மார்ச் 1. பெண்களுக்கு 120 நாள் என்பதால் ஒன்று விட்டு ஒரு முகாம்.

கஸ்பா வாலன்டியர் | 30 மார்ச் 2025

இரண்டு தேதி சரிப்படாது. ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, 31 ஞாயிறு சிலை கரைக்கிற ஊர்வலம் வரும், பையன்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். வண்டியும் உள்ளே வர முடியாது. செப்டம்பர் 7 வையுங்கள். 2026 மார்ச் 1 ரமலான் நோன்புக்குள் விழும். மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு பக்கத்து ஆட்கள் நோன்போடு கொடுக்க முடியாது.

ரத்த வங்கி பழையவர் | 31 மார்ச் 2025

சரிதான். 90 நாள் என்பது குறைந்தபட்சம், தள்ளிப்போனால் கெடுதல் இல்லை. செப்டம்பர் 7, டிசம்பர் 7, 2026 மார்ச் 22. டிசம்பர் 7 என்றால் திருவண்ணாமலை தீபம் முடிந்து ஆட்கள் திரும்பியிருப்பார்கள். மார்ச் 22 பிறையைப் பொறுத்து ரம்ஜானுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ. 29-க்குத் தள்ளினால் குருத்தோலை ஞாயிறு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள்.

காட்பாடி மேற்கு | 31 மார்ச் 2025

அப்படியானால் மார்ச் 22-க்கு 90 நாள் கூட்டினால் ஜூன் 20 ஆகிவிடுகிறது. அடுத்த வருஷம் வைகாசியில் முகாம் வைக்க முடியாதா?

ரத்த வங்கி பழையவர் | 31 மார்ச் 2025

வைக்கலாம். மார்ச்சில் பாதிப் பட்டியலை மட்டும் கூப்பிடுங்கள், மறுபாதியை வைகாசிக்கு நிறுத்துங்கள். நோட்டில் இப்பவே இரண்டு குறி போட்டுவிடலாம். பென்சிலில் போடுங்கள்.